பேட்டரியின் ஆயுட்காலமும் அதை மாற்றவேண்டிய வேளையும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் இன்று மோட்டார் வாகனங்களை நம்பியே தொழில் நடத்துகின்றனர். பட்டு நூலும் பாவும் காஞ்சிபுரத்திலிருந்து வருவதும், நெய்த சேலை சங்கத்தைச் சென்று சேர்வதும், காயும் பூவும் விடியுமுன் சந்தையை எட்டுவதும், சேற்றுழவு பருவந் தவறாமல் நடப்பதும் வேன், கார், டிராக்டர் ஆகியவை குறித்த வேளையில் கிளம்புவதைப் பொறுத்தவை. அவை கிளம்புவதோ பேட்டரி எனப்படும் மின் சேமக்கலத்தைப் பொறுத்தது.

இந்தப் பேட்டரியைப் பற்றி அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: "வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, மாற்றிவிடலாமா, இன்னும் சில மாதம் ஓட்டலாமா?" இதற்கு விடை கூறுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார், பேட்டரி முற்றிலும் செத்து வண்டி வழியில் நின்ற பின்பே மாற்றலாம் என்பர். மற்றொரு சாரார், வண்டி ஒரு நாள் கிளம்பத் தாமதித்தாலே புதியது வாங்கிவிடுவர். இவ்விரண்டும் நட்டமே. முன்னவர் ஒரு நாள் சரக்கை இழக்கிறார்; பின்னவர் உயிருள்ள பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குத் தந்துவிடுகிறார். ஆண்டைக் கொண்டும் ஊகத்தைக் கொண்டும் முடிவு செய்யாமல், அளந்து பார்த்தும் கணக்கு வைத்தும் முடிவு செய்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

1. பேட்டரி என்பது யாது?

பிரான்ஸ் நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே என்பார் 1859-ஆம் ஆண்டில், ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டு, மின்சாரத்தை ஏற்றவும் மீண்டும் எடுக்கவும் கூடிய கலத்தை அமைத்தார். 1881-இல் காமில் போர் என்பவர், தகட்டின்மேல் ஈயக் கலவையைப் பசைபோல் அப்பும் முறையைக் கண்டு, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். 1912-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்புவதற்குப் பதிலாக மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. அன்றுதொட்டு ஈயப் பேட்டரி மோட்டார் வண்டியின் நிலையான உறுப்பாயிற்று. நம் வண்டிகளில் உள்ளதும் அடிப்படையில் அதே பொருள்தான்.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெறுகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்கலங்களைப் பற்றி ஆராய்ந்து வருகிறது.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையையும் 'செல்' என்கிறோம். செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். ஒவ்வொரு செல்லிலும் இருவகைத் தகடுகள் மாறி மாறி நிற்கின்றன. நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடும், எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற ஈயமும் உள்ளன. இடையே நீர்த்த கந்தக அமிலம் நிரம்பியிருக்கும். மின்சாரம் செலவாகும்போது அமிலத்திலுள்ள கந்தகப் பகுதி தகடுகளில் சேர்ந்து ஈய சல்பேட் ஆகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைத் திரும்ப ஏற்றுகிறது. சல்பேட் கரைந்து அமிலம் மீண்டும் வலுப்பெறுகிறது. ஏரியில் மதகு வழியே நீர் போவதும், மழையால் மீண்டும் நிறைவதும் போன்றது இது.

ஏரி தூர்ந்துபோனால் எத்தனை மழை பெய்தாலும் பழைய அளவு நீர் நிற்காது. பேட்டரியும் அவ்வாறே தூர்கிறது. அது எதனால் என்பதை அறிந்தால், ஆயுளை நீட்டும் வழியும் விளங்கும்.

2. பேட்டரி முதுமை அடையும் விதம்

முதற் காரணம் வெப்பம். குளிர் நாடுகளில் பனிக்காலத்துக் காலையில் வண்டி கிளம்ப மறுப்பதால், குளிரே பேட்டரிக்குப் பகை என்று பலரும் எண்ணுவர். உண்மையில் குளிர் பேட்டரியின் பலவீனத்தை வெளிக்காட்டுகிறது. வெப்பமே அப்பலவீனத்தை உண்டாக்குகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையினர் கொள்ளும் பொது வாய்பாடு. வெப்பம் மிகுந்தால் நேர்த்தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் விரைவில் அரிக்கப்படுகிறது, நீரும் ஆவியாகிறது. நம் பகுதியில் அக்கினி நட்சத்திர நாட்களில் நிழலிலேயே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. மூடிய எஞ்சின் அறைக்குள் அதனினும் மிகும். ஆதலால் குளிர் நாட்டில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் பேட்டரி நம்மிடம் அவ்வளவு காலம் உழைக்கும் என எதிர்பார்த்தல் கூடாது.

இரண்டாவது காரணம் வெறுமையாகக் கிடத்தல். மின்சாரம் செலவான நிலையில் பேட்டரியைப் பல நாள் விட்டுவைத்தால், தகட்டில் படிந்த ஈய சல்பேட் கெட்டியான படிகமாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் அது முழுதும் கரைவதில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் கொட்டகையில் நிறுத்தப்பட்டு, அடுத்த உழவுக்கு வெளியே எடுக்கப்படும் டிராக்டர்களுக்கு இக்கேடு மிகுதி. சும்மா இருந்த பேட்டரி எப்படிக் கெடும் என உழவர் வியப்பதுண்டு. சும்மா இருந்ததே அது கெட்ட காரணம்.

மூன்றாவது காரணம் அரைகுறையாக நிரம்புதல். நெசவுத் தெருக்களில் வீடுவீடாக நூல் கொடுத்தும் சேலை வாங்கியும் செல்லும் வேன், ஒரு பகலில் பலமுறை நின்று கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டர் பெருமளவு மின்சாரத்தை உறிஞ்சுகிறது. அடுத்த வீடு வரை ஓடும் சிறு தொலைவில் அது முழுதும் திரும்ப ஏறுவதில்லை. செலவு அன்றாடம், வரவு அரைகுறை என்னும் குடும்பம் எவ்வாறு கடனில் அமிழுமோ அவ்வாறே இப்பேட்டரியும் மெல்ல அமிழ்கிறது.

நான்காவது, நீர் குறைதல். தகட்டின் மேற்பகுதி நீருக்கு வெளியே தெரிந்தால், அப்பகுதி உலர்ந்து பயனற்றுப் போகும். ஐந்தாவது, அதிர்ச்சி. வரப்பிலும் வண்டித்தடத்திலும் ஓடும் டிராக்டரில் பேட்டரியின் பிடிப்புக் கம்பி தளர்ந்திருந்தால், தகட்டிலுள்ள பசை உதிர்ந்து அடியில் வண்டலாகப் படிகிறது. அவ்வண்டல் உயர்ந்து தகடுகளைத் தொட்டால் அந்தச் செல் உள்ளேயே குறுக்கிணைந்து இறந்துவிடும்.

3. எத்தனை ஆண்டு உழைக்கும்?

நம் நாட்டு வெப்பநிலையில், ஒழுங்காக ஓடும் காரின் பேட்டரி பொதுவாக மூன்று முதல் நான்கு ஆண்டு உழைக்கிறது. நன்கு பேணப்பட்டது ஐந்தாண்டை எட்டுவதும் உண்டு. குறுந்தொலைவே ஓடும் வேனிலும், மாதக்கணக்கில் நிற்கும் டிராக்டரிலும் இரண்டாண்டுக்குள்ளேயே தளர்வதுண்டு. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வகைப் பேட்டரியை வாங்கிய இருவருள் ஒருவருக்கு இரண்டாண்டும் மற்றவருக்கு ஐந்தாண்டும் உழைப்பது இயற்கையே. அதனால்தான் ஆண்டை மட்டும் கொண்டு மாற்றுதல் தவறு என்கிறோம்.

தயாரிப்பாளர் தரும் உத்தரவாதக் காலத்தை ஆயுட்காலம் என்று கொள்வதும் பிழை. உத்தரவாதச் சீட்டில் பெரும்பாலும் இரு பகுதிகள் இருக்கும். முதற் பகுதியில் பேட்டரி தானாகக் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவர். இரண்டாம் பகுதியில், கழிந்த காலத்துக்கேற்ப விலையில் ஒரு பங்கு மட்டும் தள்ளுபடி செய்வர். ஆகவே சீட்டைப் படித்து, இவ்விரு பகுதிகளும் முடியும் தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளவேண்டும். இலவசப் பகுதி முடிய ஒரு மாதம் இருக்கும்போது பேட்டரியைச் சோதித்துவிடுதல் நலம். அந்த மாதத்தில் வெளிப்படும் குறைக்குச் செலவில்லை. அடுத்த மாதத்தில் வெளிப்படும் குறைக்குச் செலவுண்டு.

4. குற்றம் பேட்டரியினுடையதுதானா?

வண்டி கிளம்பாதபோது பேட்டரியின்மேல் பழிபோடுமுன் நான்கு இடங்களைப் பார்த்தல் அவசியம்.

ஒன்று, டெர்மினல் எனப்படும் முனைகள். அவற்றின்மேல் வெள்ளையாகவோ நீலமாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இறுக முடுக்கி, மேலே சிறிது வாசலின் தடவவேண்டும். சோடா நீர் செல்லுக்குள் புகாதபடி மூடிகள் நன்கு மூடியிருத்தல் வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதை இறுதியிலும் கையாள்க.

இரண்டு, ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட். அது தளர்ந்திருந்தால் மின்சாரம் போதிய அளவு ஏறாது. மூன்று, ஆல்டர்னேட்டரே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். புதுவகைக் கார்கள் சிலவற்றில் இது சிறிது ஏறி இறங்கும். 13-க்குக் கீழேயே நின்றால் பேட்டரிக்கு உணவு கிடைக்கவில்லை; 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சிய உணவால் நீர் கொதித்து வற்றுகிறது.

நான்கு, ஒழுக்கு. வண்டி நிற்கும்போதும் ஏதேனும் விளக்கோ, பின்னால் பொருத்திய பாட்டுப் பெட்டியோ, பழுதான கம்பியோ மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கலாம்.

இந்நான்கினுள் ஒன்றில் குறை இருக்கும்போது புதுப் பேட்டரி வாங்கினால் என்னாகும்? சில நாள் வண்டி நன்றாகக் கிளம்பும். "பார்த்தீர்களா, பேட்டரிதான் கெட்டிருந்தது" என்போம். சில மாதத்தில் புதியதும் பழையதன் வழியே போகும். ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்குவது போன்றது அது.

5. மூன்று சோதனைகள்

இனி பேட்டரியையே சோதிக்கும் முறையைக் காண்போம். இதற்கு வேண்டிய கருவிகள் இரண்டு: ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர். இரண்டும் சிறு விலைக்குக் கிடைப்பவை. சங்கத்துக்கு ஒரு ஜோடி வாங்கி வைத்தால் எல்லா அங்கத்தினர்க்கும் பயன்படும்.

முதற் சோதனை, ஓய்வு வோல்ட். வண்டியை மாலையில் நிறுத்தி, மறுநாள் காலையில் கிளப்புமுன் அளக்கவேண்டும். ஓடி நின்றவுடன் அளந்தால், மேலோட்டமான மின்னேற்றம் நம்மை ஏமாற்றும். 12.5 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் பேட்டரி நிரம்பியுள்ளது. 12.2 ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழ் என்றால் பெரும்பகுதி வெறுமை. 10.5 அளவில் நின்றால் ஒரு செல் இறந்திருக்கக்கூடும்; ஆறு செல்லில் ஒன்று போனால் எஞ்சுவது அவ்வளவே. பாதியாகக் காட்டிய மாத்திரத்தில் பேட்டரி கெட்டது என்று கொள்ளற்க. முழுதாக மின்னேற்றி, ஓரிரவு விட்டு, மீண்டும் அளக்கவேண்டும். ஏற்றிய பின்னும் ஒரே இரவில் வெகுவாக இறங்கினால் மட்டுமே ஐயப்படலாம்.

இரண்டாம் சோதனை, அமிலத்தின் ஒப்படர்த்தி. மூடி திறக்கும் வகைப் பேட்டரிக்கு இதுவே நம்பத்தகுந்தது. முழுதாக ஏற்றிய பின் ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சி அளவைக் குறிக்கவேண்டும். வெப்ப நாடுகளுக்கென நிரப்பப்படும் பேட்டரியில், 27 டிகிரி வெப்பநிலையில், பொதுவாக 1.240 முதல் 1.250 வரை இருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் அளவையே இறுதியாகக் கொள்க. ஆறு செல்களும் ஒரே சீராக இருத்தலே முக்கியம். ஐந்து செல்கள் 1.240 காட்ட, ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்தச் செல் நோயுற்றது. செல்களுக்கிடையே வேற்றுமை 0.050-ஐ எட்டினால் அப்பேட்டரியை நம்பித் தொலைவழி செல்லலாகாது. ஆறும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் பேட்டரியில் குறையென்று கொள்ளாமல், மின்னேற்றத்தில் குறையா என முதலில் பார்க்க.

மூன்றாம் சோதனை, சுமையின்கீழ் வோல்ட். நிரம்பிய பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டு, மற்றொருவர் ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றவேண்டும். சுழலும்போது வோல்ட் இறங்குவது இயல்பு. நம் வெப்பநிலையில் 10-க்கு மேல் நின்றால் நன்று. 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி முதுமை எய்திவிட்டது எனக் கொள்ளலாம். ஸ்டார்ட்டரோ எஞ்சினோ இறுகியிருக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்க. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றலாகாது. வாயில் திறவா வகைப் பேட்டரிக்கு இச்சோதனையும் முதற் சோதனையுமே வழி. அவ்வகையின் மேல் உள்ள பச்சைக் கண் ஒரு செல்லின் நிலையை மட்டுமே காட்டும். மற்ற ஐந்துக்கும் அது சாட்சியாகாது.

ஓர் எச்சரிக்கை. மின்னேறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். தீக்குச்சி கொளுத்தி நீர்மட்டம் பார்ப்பதும், பீடி புகைத்துக்கொண்டு மூடியைத் திறப்பதும் கண்ணை இழக்கும் வழிகள். அமிலம் மேலே பட்டால் உடனே நல்ல நீரால் கால் மணி நேரம் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய பின் மருத்துவரிடம் செல்லுதல் கட்டாயம்.

6. ஆயுளை நீட்டும் அன்றாட முறைகள்

நீர்மட்டத்தை மாதம் ஒருமுறையும், சித்திரை வைகாசியில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையும் பார்க்கவேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுக. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். ஆவியாவது நீரே அன்றி அமிலமன்று. ஆதலால் அமிலம் ஊற்றி 'வலுவேற்றுதல்' கூடாது.

டிராக்டரை நெடுநாள் நிறுத்துவதாயின், பேட்டரியை முழுதாக ஏற்றி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, நிழலில் வைத்து, மாதந்தோறும் ஒருமுறை ஏற்றவேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றும் வேனை வாரம் ஒருமுறையேனும் காஞ்சிபுரமோ செங்கற்பட்டோ போய்வரும் தொலைவுக்கு ஓட்டுதல் நலம். இயலாதாயின் மாதம் ஒருமுறை வெளிமின்னேற்றம் செய்க. வண்டியை மர நிழலில் நிறுத்துவது செலவில்லாத வைத்தியம்.

7. எப்போது மாற்றுவது?

இனி தலைமை வினாவுக்கு வருவோம். பின்வரும் நான்கில் ஒன்று நேர்ந்தால் பேட்டரியை மாற்றிவிடலாம்.

முழுதாக ஏற்றியும் ஒரே இரவில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்குதல். செல்களுக்கிடையே வேற்றுமை 0.050-க்கு மேலாகி, மீண்டும் ஏற்றியும் சீர்படாமை. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுதல். பெட்டி உப்பியிருத்தல், வெடித்திருத்தல் அல்லது கசிதல். கடைசி ஒன்று மட்டும் ஒரு நாளும் தாமதிக்கத்தகாதது.

இவை எதுவும் இல்லையாயின், நான்காண்டு ஆன பேட்டரியேயானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் மூன்றாண்டு நிறைந்தபின் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக்குக. சிறப்பாக, கோடை தொடங்குமுன் ஒன்று, கோடை முடிந்ததும் ஒன்று. கோடையில் பட்ட அடி, ஐப்பசி மழைநாள் காலையில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு பேட்டரியின் விலை 6,000 ரூபாய் என்றும், அது 48 மாதம் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 125 ரூபாய் ஆகிறது. தளர்ச்சி தெரிந்தபின் 4 மாதம் முன்னதாக மாற்றினால் நமக்கு நட்டம் 500 ரூபாய். அந்த 500-ஐ மிச்சப்படுத்த எண்ணி ஓட்டி, அதிகாலையில் காய்மூட்டைகளோடு வேன் கிளம்பாது போனால், வாடகை வண்டிக்கும் வாடிய சரக்குக்கும் ஆகும் நட்டம் அதனினும் பன்மடங்கு. மற்றொரு புறம், தளர்ந்த பெல்ட்டைப் பாராமல் 24-ஆம் மாதத்திலேயே பேட்டரியை மாற்றினால் 24 மாத உழைப்பு, அதாவது 3,000 ரூபாய், வீண். ஆக, சோதனையின் சொற்படி சிறிது முன்னதாக மாற்றுவது சிக்கனம். சோதனையின்றி வெகு முன்னதாக மாற்றுவது ஊதாரித்தனம்.

வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க. வண்டிக் கையேட்டில் குறித்த ஆம்பியர்-மணி அளவுக்குக் குறையாதது வேண்டும். தயாரித்த மாதம் அண்மையதாக இருக்கவேண்டும். கடையில் ஆறு மாதத்துக்கு மேல் மின்னேற்றமின்றிக் கிடந்தது புதியதன்று. ரசீதில் வரிசை எண்ணும் தேதியும் எழுதப்பெற்று, உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரை இருத்தல் வேண்டும்.

8. பழைய பேட்டரி எங்கே போகிறது?

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. அதை ஏறக்குறைய முழுதும் மீட்டுப் புதுப் பேட்டரி செய்யலாம். ஆதலால்தான் பழையதற்கும் விலை உண்டு. ஆனால் அதை மீட்கும் தொழில் தக்க ஆலையில் நடைபெறவேண்டும். வீட்டுப் புறக்கடையிலோ ஏரிக்கரையிலோ உடைத்து உருக்கினால், ஈயத்தூள் மண்ணிலும் காற்றிலும் கலந்து குழந்தைகளின் உடலில் ஏறுகிறது. மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. சமையற் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, பேட்டரியிலுள்ள காரீயம் வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணிக் கையாள்வது பேராபத்து.

இது வெற்றுப் பயமுறுத்தல் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காரை அடுத்த தியாரோயே-சுர்-மேர் என்னும் இடத்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் தொழில் குடியிருப்புக்கிடையே நடந்துவந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தன. காரணம் ஈய நஞ்சு எனக் கண்டறியப்பட்டது. உலகில் மூன்று குழந்தைகளுள் ஒன்றின் குருதியில் கவலைக்குரிய அளவு ஈயம் உள்ளதென்று ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முறையற்ற விதத்தில் பழைய பேட்டரிகளை உருக்குவது அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பயன்படுத்திய பேட்டரியைப் பிற குப்பையோடு கலவாமல், சேகரிப்பாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ சேர்ப்பிப்பது உபயோகிப்பவரின் கடமை என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய விலையைக் கழித்துக்கொண்டு, ரசீதிலும் குறித்து வாங்குக. வேறொருவர் நூறு ரூபாய் மிகுதியாகத் தருகிறார் என்பதற்காக, எங்கே உருக்குவார் என்றறியாதவரிடம் விற்கலாகாது. அந்த நூறு ரூபாயின் வட்டியை யாருடைய குழந்தையோ செலுத்தும். எடையைக் குறைக்க அமிலத்தைக் கால்வாயில் கொட்டுவதும் அத்தகைய குற்றமே; அந்நீரே நம் வயலுக்கும் சாயத்தொட்டிக்கும் வருவது.

9. கணக்கு எழுதும் வழக்கம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு உள்ளது. பத்தாம் நூற்றாண்டில் ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்த முறை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாரியப் பெருமக்களின் பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. பொதுப்பொருளைக் கையாள்வோர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் நெறி இவ்வூர்க்குப் புதிதன்று. சங்கத்தின் வேனும் அதன் பேட்டரியும் பொதுப்பொருளே.

ஒரு நோட்டில் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குக. மேலே வாங்கிய தேதி, விலை, வரிசை எண், உத்தரவாதம் முடியும் இரு தேதிகள். கீழே நிரல்கள்: சோதித்த தேதி, ஓய்வு வோல்ட், ஆறு செல்களின் அளவு, சுழலும்போது வோல்ட், எஞ்சின் ஓடும்போது வோல்ட், ஊற்றிய நீர், சோதித்தவர் கையொப்பம். தனி ஒரு நாளின் எண்ணைவிட, மாதந்தோறும் எழுதிய எண்களின் போக்கே உண்மை சொல்லும். சுழலும்போது 10.8 காட்டியது 10.5 ஆகி, 10.1 ஆகி, 9.8 ஆகுமாயின், அடுத்து வருவது எது என்பதை நோட்டே அறிவித்துவிடும். அப்போது புதியது வாங்கும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கலாம். அவசரத்தில் கடன் வாங்க நேராது. ஒரே நாளில் இரண்டு மூன்று அங்கத்தினர் சேர்ந்து வாங்கினால் விலையும் பேசிக் குறைக்கலாம். கூட்டுறவின் பயன் இத்தகைய சிறு செயல்களில்தான் கைமேல் தெரிவது.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. பேட்டரிக்கு வெப்பம் கேடு விளைவிப்பது எங்ஙனம்? நம் வட்டாரத்தில் எந்த மாதங்களில் அதிகக் கவனம் வேண்டும்?

2. ஒரு பேட்டரியின் ஐந்து செல்கள் 1.245-ம், ஒன்று 1.170-ம் காட்டுகின்றன. மற்றொன்றில் ஆறும் 1.180 காட்டுகின்றன. இவற்றுள் எதை மாற்றுவீர்? எதை மின்னேற்றிப் பார்ப்பீர்? ஏன்?

3. 7,200 ரூபாய் விலையுள்ள பேட்டரி 36 மாதம் உழைத்தால் மாதச் செலவு எவ்வளவு? பேணுவதால் 48 மாதம் உழைத்தால் எவ்வளவு?

4. உங்கள் ஊரில் பழைய பேட்டரிகளை வாங்குவோர் யார்? அவை எங்கே செல்கின்றன என்பதை விசாரித்து வட்டத்தில் கூறுக.

மூன்றாம் வினாவின் விடை: 200 ரூபாய், 150 ரூபாய். மாதம் 50 ரூபாய் மிச்சம். வெயில் படாமல் வண்டியை நிறுத்தி, சிறிது வாலைவடி நீர் ஊற்றி, நோட்டில் ஒரு வரி எழுதுவதற்குக் கிடைக்கும் கூலி அது.